நான்காம் பந்து

கல்லுப்பள்ளம் ஏரியில்
காற்று எழும்பும் முன்
எங்களுக்கு இரண்டு மணி நேரம்.
எட்டேகாலுக்குக் கணவாய் மூச்சு விடும்.
அதன் பிறகு தண்ணீர்
தார் போடாத ரோடு.

ஆறு பந்துகள், ஆரஞ்சு நிறம்.
முதல் மூன்று பாலக்காடு மாவட்டம்,
பிந்திய மூன்று கோயம்புத்தூர்.
படகு நடுவில் நேர்கோட்டில் போகும்,
மணிக்கு நாற்பத்தாறு கிலோமீட்டர்.
பின்னால் ஒற்றைப் பலகையில் நான்
வலத்தில் ஒன்று இடத்தில் ஒன்றாக
எல்லாவற்றையும் வெளியே சுற்றி வர வேண்டும்.
இரண்டு வருடம்
கேரளத்தில் பாஸ்
தமிழ்நாட்டில் ஃபெயில்.

படகோட்டும் சுகுணன் அதிகம் பேச மாட்டான்.
"கைப்பிடி இடுப்பில். கண்ணு கரையில்."
அவ்வளவுதான்.
நான் பந்தைப் பார்ப்பேன்.
பார்த்த பந்தின் மேலேயே போய் விழுவேன்.
படகின் இரண்டு அலையையும் தாண்டிய பிறகும்
இழுத்துக்கொண்டே இருப்பேன்,
பயத்தில் கயிற்றோடு சண்டை.
விட வேண்டிய இடத்தில் விட்டால்
பலகை தானாகத் திரும்பும் என்று
முழங்காலுக்குப் புரியவைக்க
ஒரு மழைக்காலம் போயிற்று.

தை மாதம், ஒரு புதன்கிழமை
நான்காம் பந்தைச் சுற்றினேன்.
வியாழனும்.
சனிக்கிழமை இரண்டு முறை.
சுகுணன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கை தட்டினான்.
முக்குக் கடையில் எல்லாருக்கும்
பழம்பொரியும் கட்டஞ்சாயாவும்
என் கணக்கு.

மாசிக் கடைசியில் மடை திறந்தார்கள்.
நாலடி இறங்கியது ஏரி.
தண்ணீர் இறங்கினால் கயிறு தொய்யும்,
தொய்ந்த பந்து காற்றடிக்கும் பக்கம் போகும்.
முங்கி, முடிச்சை அவிழ்த்து,
சுருக்கி, மறுபடி முடிய வேண்டும்.
பாசி வழுக்கும். நகக்கண்ணில் சேறு ஏறும்.
பெயிண்ட் வாளியில் சிமெண்ட் ஊற்றிய நங்கூரங்கள்
அடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்,
நான்காவதைத் தவிர.

அதன் கைப்பிடியில் வலை நரம்பு சுற்றியிருந்தது.
இழுபட்ட தடம் சேற்றில் பாதி மூடிக் கிடந்தது.
அளவுக்கயிறு பிடித்தோம்.
நடுக்கோட்டிலிருந்து
பதினொன்றரை மீட்டர் இருக்க வேண்டியது
ஒன்பதே முக்கால்.

ராயப்பன் பரிசலில் நின்றபடி யோசித்தார்.
"பொங்கலுக்கு முந்தின வாரம்மா.
வலை கனத்துச்சு.
பெரிய கட்லான்னு நெனச்சேன்."

எடைமேடையில் வேலை பார்ப்பவள் நான்.
பின்சக்கரத்தை அரையடி வெளியே நிறுத்தி
இரண்டு டன் ஒளிக்கும் லாரியை
ஜன்னலிலிருந்தே பிடிப்பவள்.
ஏழு வாரமாக
என் சக்கரம் எங்கே நின்றது என்று
இறங்கிப் பார்க்கவில்லை.

"இருக்கட்டும் சேச்சி" என்றான் சுகுணன்.
"யாரு அளக்கப் போறா?"
கெட்ட எண்ணமில்லை,
பழம்பொரி தின்ற விசுவாசம்.

வாளி எழும்ப மறுத்தது.
லாரி ட்யூப் ஒன்றைக் காற்றில்லாமல் கீழே கொண்டுபோய்க் கட்டி
மேலிருந்து பம்ப் அடித்தோம்.
சேறு ஒரு பெரிய ஏப்பம் விட்டு
அதைக் கொடுத்தது.
பரிசலில் இழுத்து இறக்கி
மூன்று முறை அளந்தேன்.
மூன்றாவது முறை
என் மீதுள்ள சந்தேகத்துக்காக.

மறுநாள் ஏழு மணி.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காம் பந்து
பக்கத்து ஊரில் இருப்பது போல் இருந்தது.
கை நீட்டினேன், கயிறு பிடுங்கிக்கொண்டது.
மூக்கு நிறைய ஏரி.

படகு திரும்பி வரும் வரை
பந்தைக் கட்டிக்கொண்டு மிதந்தேன்.
சுகுணன் முகத்தை வேறு பக்கம் வைத்திருந்தான்.
படகில் கிடந்த என் போன் டிங் என்றது.
தமிழ்நாட்டுக்கு நல்வரவு.

ஆனால் மூன்றைச் சுற்றியபோது
கரைப் புளியமரத்தில் யாரோ காயப்போட்ட
ஊதா லுங்கி தெரிந்தது.
அதில் கட்டம் போட்டிருந்தது.
நேற்று வரை அந்தக் கரையில்
மரம் இருப்பதே எனக்குத் தெரியாது.

மணி ஏழு இருபது.
"சுகுணா, கயிறு."