ருவது

செம்பனை ஆலை வாசலில் எடைப்பாலம்.
பகாவ் வெயில் கண்ணாடிக் கூண்டோடு என்னை வேகவைக்கிறது.
இடது காதில் வாக்கி-டாக்கி,
வலது காதில் ஜெர்மன்.

இருபது என்று இங்கே யாரும் சொல்வதில்லை.
லோரி குணாளனுக்கு அது இருவது.
ஜெம்போல் சைனாலுக்கு டுவோ புலோ,
கோலாலம்பூர் ஆடிட்டர் வந்த அன்று மட்டும்
வாயைக் கழுவிக்கொண்டு டுவா புலோ.
எனக்கு எல்லாம் ஒரே கட்டம், ஒரே பேனா.

பதினாலாம் பிளாக்கிலிருந்து மண்டோர் வீரய்யா
வாய் நிறைய ரொட்டியோடு
'ருவது' என்பார். அவ்வளவுதான்.
முதல் எழுத்தை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வருவார்.
இருவதா, அறுவதா?
நான் கேட்டதே இல்லை.
பதினாலில் எல்லாம் கிழட்டு மரம்,
அறுபது குலைக்கு அதற்கு ஏது தெம்பு.
அவர் வாய் மூடுமுன்னே இருபது என்று எழுதியாகிவிடும்.

ஸூம் ஆசிரியைக்கு இருபது, ட்ஸ்வான்சிஷ்.
நீரில் தீக்குச்சி அணைவதுபோல நுனியில் ஒரு ஷ்.
நானூறு தடவை சொல்லிப் பார்த்தேன்,
லோரிக்கும் லோரிக்கும் நடுவில்,
ரசீது கிழிக்கும்போது, கக்கூஸில்.

தேர்வில் வந்த ஆண்குரல்
ட்ஸ்வான்சிக் என்றது.
க். தாழ்ப்பாள் விழுந்த மாதிரி.
அதே சொல். அதே இருபது.
தெரிந்துதான் இருந்தது, இருந்தும் நின்றுவிட்டேன்.
அரை விநாடி இருக்கும்.
அதற்குள் மூன்றாம் கேள்வி முடிந்து
நான்காம் கேள்வியின் ரயில் கிளம்பிப் போயிருந்தது.

'இரண்டும் சரிதான், கோகிலவானி,
தெற்கே அப்படிச் சொல்வார்கள்' என்றார் ஆசிரியை.
என் பெயரில் ண நசுங்கி ன ஆகியிருந்தது.
ஆனாலும் உடனே நிமிர்ந்தேனே,
அரை விநாடிகூட ஆகவில்லை.

மார்ச்சில் மறுதேர்வு.
தேறினால் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லம்.
கட்டிலிலிருந்து யாராவது
பாதியை விழுங்கிவிட்டு மீதியால் கேட்பார்கள்,
தண்ணீரையோ, மகளையோ.
அவர்கள் எந்த பிளாக்,
மரத்துக்கு என்ன வயது,
எனக்கு எப்படித் தெரியும்?

வாக்கி-டாக்கி இருமுகிறது.
'ருவது.'
பேனா பாதி வட்டம் போட்டு நிற்கிறது.
குரல் வீரய்யா இல்லை. புதுப் பையன்.

'தம்பி,' என்கிறேன்,
'எந்த பிளாக்கிலிருந்து பேசுறே?'