பத்து பாகை

மோன்டானாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே ஓர் ஓடுதளம்.
செவ்வாய் இரவு வகுப்பு.
பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டும் லோர்னா ஹெட்ஸ்ட்ரம்
ஐம்பத்திரண்டு வயதில்
பார்க்கப் படிக்கிறாள்.

"ஓடுகிற கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.
பத்து பாகைக்கு ஒருமுறை நிறுத்துங்கள்."
சொல்பவர் பல் மருத்துவர்,
தோளில் கேப்டன் பட்டை.
சம்பளம் கிடையாது. சீருடைகூடச் சொந்தக் காசு.

முதல் அழைப்பு பின்னிரவு மூன்று மணிக்கு:
விழுந்த விமானமொன்றின் அபாய ஒலி.
பனியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி
விடியும்போது கண்டுபிடித்தார்கள்,
ஒரு கொட்டகையில், டிராக்டருக்குப் பக்கத்தில்
பத்திரமாக நின்ற விமானத்தில்
எதற்கென்றே தெரியாமல் கத்திக்கொண்டிருந்த பெட்டியை.
சிரித்தார்கள்.
படிவம் நிரப்பினார்கள்.

மார்ச்சில் அவளுக்கும் ஒரு பட்டை வந்தது.
கைதட்ட ஏழு பேர், ஒரு கேக்.
தையல் கோணல்.
பிரித்துத் தைக்க நேரமில்லை.

மறுநாள் காலை
பிள்ளைகள் இறங்கிய பின்
வழக்கம்போல் இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தாள்,
இம்முறை
நிறுத்தி,
நிறுத்தி.

கடைசி வரிசையில் யாரோ விட்டுப்போன கோட்டு.
அதற்கு வெளியே அரை அங்குலம்
சிவப்பு ஷூ லேஸ்.
அது மூச்சு விட்டது.