இரண்டு மணி நேர இரவு

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
அத்பசார் பேருந்துக்கு டீசல் உறைந்துபோய்
இன்றும் நேரத்துக்கு வந்தவர்
காவலாளி ஒராஸ் மட்டும்தான்.
அவர் வருவது குதிரையில்.

உள்ளே இருபத்திரண்டு மணி நேரப் பகல்.
கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்ளும்,
துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்குவாள் கம்ஷாத்:
தட்டுக்கு நூற்று நான்கு கோதுமை,
தட்டுகள் அறுபத்தொன்று.
விதைத்த முப்பத்தாறாம் நாள் பூ.
கதிர் பழுக்கும்வரை யாரும் பொறுப்பதில்லை,
மணியில் பால் இறுகியதுமே
பச்சையாக அறுத்து, உலர்த்தி,
குளிரில் வைத்து, மறுபடி மண்.
புல்வெளியில் பனி உருகுவதற்குள்
மூன்று தலைமுறை.

அவள் வயிற்றில் இருப்பதற்கு
இன்னும் ஐந்தாம் மாதம்தான்.

விளையும் பயிர் முளையிலே தெரியும்.
இங்கே அது பழமொழி இல்லை, பகல் வேலை.
இரண்டாம் இலையில் பொட்டளவு துளைத்து
இயந்திரத்தில் வைத்தால்
மாலைக்குள் பட்டியல்:
துருநோய் தாங்கும். தாங்காது. தாங்காது.
தாங்காது. தாங்கும்.

தாங்காததைப் பிடுங்குவது அவள் விரல்.
வேர் அறும்போது ஒரு சின்னச் சத்தம் வரும்.
கையுறை போட்டால் கேட்காதாம்.
அவள் போடுவதில்லை.
பாவம் என்றும் நினைப்பதில்லை:
அண்ணனின் எண்ணூறு ஹெக்டேர்
ஒரே ஜூலையில் செம்பொடியாகி
கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்த வருடம்
அவளுக்குப் பத்தொன்பது வயது.

மேலங்கிப் பையில் ஒரு கடிதம்.
கோக்‌ஷெதாவ் மருத்துவமனை முத்திரை.
ரத்தம் எடுத்தார்கள், மூன்று குப்பி.
வந்து நான்கு நாள் ஆகிறது,
ஓரம் நைந்திருக்கிறது, பிரிக்கவில்லை.

இரவு இரண்டுக்கு விளக்குகள் அணையும்.
செடிகளுக்கு அவ்வளவுதான் இருட்டு,
அவளுக்கு அவ்வளவுதான் ஓய்வு.
நடைவழிச் சிவப்பு விளக்கடியில்
ஒராஸ் பால் விட்ட தேநீரோடு வருவார்.
"தூங்குதா எல்லாம்?"
"சாப்பிட்டதை இறக்குது."
"நல்ல பிள்ளைங்க."

இன்று கடிதத்தை நீட்டினாள்.
"நீங்க படிங்க."
வாங்கி, தூரப் பிடித்து, கிட்டே பிடித்து,
தலைகீழாகவும் ஒருமுறை பார்த்துவிட்டு
கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றார்.
அவள் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தி
முத்திரை கரைந்தது, சற்று.

நான்கு மணி.
வரிசை வரிசையாக விடிந்தது.
இப்போது ஊசி நூல்கூடக் கோக்கலாம், அவ்வளவு வெளிச்சம்.

காயட்டும் என்று கடிதத்தைப்
பழைய கதிர்களுக்கு நடுவே
உலர்த்தும் தட்டில் விரித்து வைத்தாள்,
எழுத்து கீழ்ப்பக்கமாக.
பிறகு, ஒன்று, இரண்டு,
மூன்று.