பண்டாரன் தோட்டம்

ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கியபோதே
நெஞ்சோடு அணைத்த ஒரு கோப்பு.
ஹெஸ்டர் பாஸ்கோ என்றார்,
பல் வைத்தியராய் இருந்து ஓய்வு பெற்றவர்.
மூன்று கோடையாய்த் தன் நாட்டுக் கடலோரத்தில்
தேவாலயம் தேவாலயமாய் ஏறி இறங்கி
உப்புக்காற்று தின்ற கல்லறைகளின் மேல்
காகிதம் பரத்திக் கரிக்குச்சியால் தேய்த்து
பெயர் எடுத்து வந்திருக்கிறார்.
வான் சீட்டில் விரித்துக் காட்டினார்:
மீனுக்கு உப்புப் போட்டவர்,
கோயில் மணி அடித்தவர்,
வெள்ளீயச் சுரங்கத்தில் ஒரு காலை விட்டு வந்தவர்.
வில்லியம் மட்டும் அங்கே இல்லை.
"கப்பலேறினான், இலங்கை."
அதோடு ஏடு முடிகிறது.

ஒரு தோட்டத்தின் பெயர் இருந்தது.
கொழும்பில் இரண்டு பேர் தேடிக் கைவிட்டது.
பெண்டோரன்.
எனக்கும் தெரியாது என்றேன்.
டிக்கோயா வளைவுகளில் இரண்டாம் கியரில்
வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே வந்தேன்.
நோர்வூட் பாலத்தில் சட்டென்று பல்லில் பட்டது.
பெண்டோரன். பண்டாரன்.
அடக் கடவுளே,
நான் பிறந்த தோட்டம்.

எங்களிடம் இருந்த கதை வேறு.
முதல் கூட்டத்தோடு கடல் தாண்டி நடந்து வந்த
பண்டாரம் ஒருவர்,
பூக்கட்டத் தெரியும், தேயிலை பிடுங்கத் தெரியாது,
பேதி வந்த வருஷம் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து
தானே எல்லா நோயையும் வாங்கிக்கொண்டு போனாராம்.
அந்த இடத்தில் ஒரு கல்.
கவ்வாத்துக்கு முந்தின நாள் ஒரு தேங்காய், ஒரு சுருட்டு.
இரண்டு பிள்ளை தங்காமல் போன பிறகு
அந்தக் கல்லுக்கு நேர்ந்துதான்
அம்மா என்னைப் பெற்றாள்.

அவர் போனில் ஒரு படம் காட்டினார்.
தண்ணீர் வற்றிய சின்னத் துறைமுகம்,
சேற்றில் சாய்ந்த படகுகள்,
நாற்பது வீடு, ஒரு மீன்கடை.
மழையில் நனைந்த பெயர்ப்பலகை.
வில்லியம் தன் ஊர்ப்பெயரைக்
கொண்டுவந்து இந்த மலைக்கு வைத்திருக்கிறான்.
எங்கள் ஆட்கள் காதில் விழுந்ததை
வாய்க்கு வந்தபடி திருப்பிச் சொல்லி,
சொன்னதற்கு ஒரு சாமியையும் செய்து
கும்பிட்டிருக்கிறார்கள்.

ஏழாம் நம்பர் மலையில் மூன்று கல்லறை.
கொழுந்துக்காரப் பிள்ளைகள் சாப்பாட்டுப் பையைத்
தொங்கவிடும் சிலுவைதான் அவனுடையது.
இருபத்தாறு வயது. காய்ச்சல்.
அவருக்கு முழங்கால் மடங்கவில்லை;
கரிக்குச்சியை என்னிடம் தந்தார்.
நான் தேய்த்தேன்.
என் கைக்கடியில் வெள்ளையாய் எழும்பி வந்தான்.

"உங்கள் முன்னோர்?" என்று கேட்டார்.
செக்ரோலில் இருந்ததை அப்பா சொல்லியிருக்கிறார்:
ராமன், சின்ன ராமன், வேறு ராமன்.
அந்த வேறு ராமன் எங்கள் ஆள்.
எந்த ஊர் என்று துரையும் எழுதவில்லை,
கங்காணியும் எழுதவில்லை.
எங்கே புதைத்தார்கள் என்றால்,
கையை நீட்டி
மலை முழுவதையும் காட்டினேன்.

திரும்பும் வழியில் சவுக்கு மரத்தடியில் நிறுத்தினேன்.
நிறுத்தாமல் போகப் பழக்கமில்லை.
பூசாரி வேலாயுதம் அவர் நெற்றியில் திருநீறு இட்டார்.
"என்ன தேடி வந்திருக்கு?"
"சொந்தக்காரங்களை."
"கிடைச்சுதா?"
சுருட்டைப் பற்றவைத்துக் கல்மேல் வைத்தேன்.
அது அணையாமல் புகைந்தது,
எப்போதும் போல.
பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.
சாமி பெயர் என்றேன்.
பொய் இல்லை.

ஸ்டேஷனில் வான் கூலிக்குப் பற்றுச்சீட்டு.
மூன்று நாளாய் ராசு, ராசு என்றவர்
முழுப்பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொல்லச் சொன்னார்.
பி, ஏ, என், டி, ஏ, ஆர்.
ஆறாவது எழுத்தில்
பேனா நின்றது.