மெய்ப்பு

உயர்தர வகுப்புக்கு இந்த வருடமும்
அதே பழைய ஆங்கில நாவல்.
ஆறாம் அத்தியாயத்தில் மழை.
நடனத்துக்குப் போக முடியாதென்று
அங்கே பெண்கள் முகம் வாடுகிறார்கள்.
எங்களுக்கு மழையென்றால் அரைப்பேர்.
இரண்டையும் இணைத்துச் சொல்வதற்குள்
ஒரு பாடவேளை போய்விட்டது.

அந்தக் கதையில் வீடுகளுக்குப் பெயர் உண்டு.
மனிதர் உள்ளே வருமுன்
வீட்டின் பெயர் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது.
அடுத்து வருடாந்த வருமானம்.
காதல், பாவம், குதிரைவண்டிக்குப் பின்னால்
சேறு மிதித்து நடந்து வருகிறது.

"மிஸ், அவங்க குடிக்கிற தேத்தண்ணி
நம்ம தோட்டத்துதா?"
கடைசி வாங்கிலிருந்து ரொஷாந்தன்.
இல்லையப்பா, அது சீனத்துத் தேயிலை.
நம்ம ஆட்கள் அப்போது இன்னும் கடல் தாண்டவில்லை.
அவனுக்கு ஏமாற்றம்.
எனக்கும் கொஞ்சம்.

சுகிர்தன் பெரிய கிளாக்கரின் மகன்.
நான் பணிய லயத்தில் ஏழாம் காம்பரா.
இடையில் நூற்றுப்பதினான்கு படிகள்,
ஒரு பீலிக்கரை, ஒரு கொழுந்து மடுவம்.
ஒன்பது வருடம்
அவன் இறங்கினான், நான் ஏறினேன்.
மடுவத்தடியில் நின்று பேசினோம்.
நிறுக்கிறவர் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல
எங்களைப் பார்த்தார்.

அவன் அம்மா சம்மதம் சொல்ல வந்த அன்று
எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தார்.
முழுவதும் அல்ல.
கோப்பையில் மிச்சமிருந்ததை
என் அம்மா பார்வையாலேயே அளந்தாள்.
முப்பத்தொரு வருடம் நிறுவைக்கு நின்ற கண்.

சீதனம் வேண்டாம், நகை உங்கள் விருப்பம்.
கேட்டது ஒன்றே ஒன்று,
அதுவும் சுகிர்தன் வாயால்,
ஹட்டன் பஸ் நிலைய இரைச்சலுக்குள்:
"கார்டில உங்க மாமாவோட டவுன் விலாசத்தைப் போடுவோமே.
யாருக்கும் நஷ்டமில்லைதானே?"

நாவலாக இருந்தால்
இந்த இடத்தில் எவராவது ஒரு பெரியப்பா செத்து
எனக்குச் சொத்து வந்திருக்கும்.
வந்தது பொகவந்தலாவை பஸ்.
நின்றுகொண்டே வீடு வந்தேன்.

புதன்கிழமை மெய்ப்பு தயார்.
மஞ்சள் அட்டை, பொன்னெழுத்து.
அவன் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம், ஒரு பதவி,
அப்பாவின் ஓய்வுபெற்ற பதவி வேறு.
என் பெயருக்குக் கீழே
நான் ஒரு இரவும் தூங்காத வீடு.

பையில் இருபத்திரண்டு விடைத்தாள்கள்.
'இக்கதையில் திருமணம் ஒரு வியாபாரமா? ஆராய்க.'
பத்தொன்பது பேர் ஆம் என்று எழுதியிருந்தார்கள்,
ஒருவன் ஆராயாமலே.
அவற்றுக்குரிய சிவப்புப் பேனையை எடுத்தேன்.
மாமா வீட்டை ஒரே கோட்டில் வெட்டினேன்.

இலக்கம் 7, பணிய லயம்,
கீழ்ப்பிரிவு, மானாக்கொல்லைத் தோட்டம்,
பொகவந்தலாவை.

அச்சுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இவ்வளவும் இந்தப் பக்கம் கொள்ளாது மிஸ்.
எழுத்தைச் சிறிசாக்கவா?"

வேண்டாம்.
மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு பட்டத்தை எடுத்தால்
இடம் வரும்.

சிரித்தார். பிறகு
நான் சிரிக்கவில்லை என்று கண்டு அளவுகோலை எடுத்தார்.

வாசலில் நின்று சுகிர்தனுக்குப் போன் எடுத்தேன்.
விலாசத்தை மாற்றிவிட்டேன் என்றேன்.
பட்டத்தைப் பற்றியும் சொன்னேன்.
அவன் பக்கம் நெடுநேரம் வாகன இரைச்சல்.
பிறகு, "எத்தனை கார்டு சொன்ன?" என்றான்.

சம்மதமா, பேச்சை மாற்றுகிறானா,
அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை.
மழை பிடித்துக்கொண்டது.
அம்மாவுக்கு இன்றைக்கு அரைப்பேர்தான்.