இணைக் கடன்தாரர்

கருங்கல் பக்கம் பதினோரு சென்ட்.
பட்டா ரெண்டு பேர் பேரில்.
வீடு ஒண்ணுதான்.
அதற்குள் மூணு வருசமா நாங்கள்,
அடுக்களைக்கு நேரம் பிரித்து, பேசாமல்.

பிரிவதற்கு வக்கீல் சொன்ன தொகையோடு
கொஞ்சம் கடன் சேர்த்தால்
பின்னால் ஒரு வீடே கட்டலாம் என்று
கணக்குப் போட்டது ஸ்டான்லிதான்.
ரப்பர் ஷீட் விற்ற சீட்டின் பின்புறம் எழுதி
பிரிட்ஜில் ஒட்டியிருந்தார்.
கீழே 'சரி' என்று எழுதினேன்.

என்ஜினீயர் சஜின் டேப்பைப் பிடிக்கச் சொன்னான்.
ஒரு நுனி அவர். மறு நுனி நான்.
கையாலையிலிருந்து இவ்வளவு விடணும்,
செப்டிக் டேங்க் கிணற்றைவிட்டுத் தள்ளணும்,
ரெண்டு வீட்டுக்கும் நடுவில்
காற்று போக இடம் வேணும், இல்லையென்றால்
பஞ்சாயத்தில் பிளான் பாஸாகாது.
அயனி மரம் ஒன்று போகும்.
"வாடகைக்கா, அக்கா?"
ஆமா என்றோம், ஒரே நேரத்தில்.

தக்கலை வங்கியில் வில்லங்கச் சான்று கேட்டார்கள்.
முப்பது வருடத்துக்கு
வில்லங்கம் ஏதுமில்லை என்றிருந்தது அதில்.
அவர் இருமினார். சிரிப்பாகவும் இருக்கலாம்.

மேனேஜர் விரல் வைத்த இடங்களிலெல்லாம்
அவருக்குக் கீழே நான்.
'கடன்தாரருக்கு என்ன உறவு'
அந்தக் கட்டத்தில் மட்டும் பேனா நின்றது.
எட்டிப் பார்த்து,
"மனைவின்னு போடு ரெஜிலா,
இல்லெங்கி லோன் கெடைக்காது" என்றார்.

தவணை இருநூற்று நாற்பது மாதம்.
கல்யாணம் ஆகிப் பதினாலு வருசம்தான்.

திரும்பும் பஸ்ஸில்
முன்னால் பெண்கள் சீட்டில் நான்.
கண்டக்டர் கை நீட்டினார்.
பின்னால் காட்டினேன்.