பதினோராம் வரி

முக்கூடல் பீடிக்கடை மாடியில்
ராத்திரி எட்டே முக்காலுக்கு
பத்தொன்பது பிழை என்றது கம்பைலர்.
நான் எழுதியதே அறுபது வரிதான்.

கீழே தூள் மூட்டைகள்.
நெடி படியேறி வந்து
கீபோர்டின் சந்துகளில் உட்கார்ந்திருந்தது.
தும்மிவிட்டு முதல் பிழைக்குப் போனேன்.
முதலாவதுக்கு மட்டும்.
மொத்தத்தையும் பார்த்தால் கை ஓடாது.

பன்னிரண்டாம் வரியில் தப்பாம்.
பன்னிரண்டை ஏழு தடவை படித்தேன்,
எழுத்தெழுத்தாக, திரையில் விரல் வைத்து.
அது ஒரு பாவமும் அறியாது.
பதினொன்றின் கடைசியில்
அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது.
நிற்கத் தெரியாமல் ஓடிவந்த மேல்வரி
கீழ்வரியில் போய் முட்ட,
முட்டுப்பட்டவள் பேரில் கேஸ்.

இந்தக் கடைக்கு அது புதுசில்லை.
கடை கொடுத்த இலையில் பாதி ஓட்டை,
சுற்றி வந்த கட்டு குறைந்தால்
சுற்றியவள் பாஸ்புக்கில் கழிவு.

ஒரு அரைப்புள்ளி வைத்தேன்.
பத்தொன்பது பதினொன்றாயிற்று.
எட்டுப் பிழைகள், பிழைகளே இல்லை,
ஒரு விடுதலின் எதிரொலிகள்.

அடுத்தது, சண்முகவடிவு
வாட்ஸப்பில் அனுப்பிய ஒற்றை வரி.
வந்த வழியில் மேற்கோள்குறிகள் வளைந்துபோய்
கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தன.
மெஷினுக்கு அலங்காரம் ஆகாது.
அழித்துவிட்டு நேராக ரெண்டு குத்து.
மூன்று.

அப்புறம் இதைச் சொன்னது:
'கூலி' அறிவிக்கப்படவில்லை.
சங்கத்து நோட்டீஸ்தான் மேலேறி வந்துவிட்டதோ என்று
திரும்பிப் பார்த்தேன்.
மேலே ரெண்டு ஓ போட்டு எழுதியவள்
கீழே ரெண்டு இடத்தில் யூ போட்டிருக்கிறேன்.
ஒரே கூலி, ரெண்டு எழுத்து.
அதற்கு ரெண்டு பேர் என்று அர்த்தம்.

மிச்சம் ஒன்று.
கோப்பு முடிந்த பிறகும்
எதையோ எதிர்பார்த்து நிற்கிறது.
திறந்த அடைப்புகளை எண்ணினேன், ஏழு.
மூடியவை ஆறு.

"ஏ பிள்ள பரிபூரணம், இன்னுமா முடியல?
நாளைக்குப் பட்டுவாடா, தெரியும்லா?"
"ஒண்ணு மட்டும் மூடணும் அண்ணாச்சி."
"மூடு மூடு, சாரல் அடிக்கும்.
கொண்டியும் போட்டுரு."

மூடினேன்.
பிழை: பூஜ்யம்.
ஆத்துப் பக்கமிருந்து காற்று வந்தது,
ஜன்னல் திறந்தேதான் கிடந்தது.

போன வாரக் கணக்கைக் கொடுத்து ஓடவிட்டேன்.
முத்துப்பேச்சிக்குக் கழிவு.
செய்யதலி பாத்திமாவுக்குக் கழிவு.
ஒரு கட்டுகூடக் குறையாத
அரியநாயகத்தின் மகளுக்கும் கழிவு.
சோதனைக்கு என் பேரைப் போட்டேன்,
ஒரு பீடிகூடச் சுற்றாத எனக்கும்.

நாற்பத்தாறாம் வரி.
கழிவு உண்டா என்று கேட்க
சமக்குறி ரெண்டு வேண்டும்.
நான் ஒன்றுதான் வைத்திருந்தேன்.
ஒன்று வைத்தால் அது கேட்பதில்லை,
உண்டு என்று ஆக்கிவிடுகிறது.
எல்லோருக்கும். எப்போதும்.
அரைப்புள்ளிக்கு அத்தனை கத்தியது
இதற்கு வாயே திறக்கவில்லை.
இலக்கணப்படி
சுத்தமான வாக்கியம்.

அண்ணாச்சி மேலே வந்து
முதல் தாளின் அடியைப் பார்த்தார்.
"மொத்தம் நல்லாக் குறைஞ்சிருக்கே."
"தப்பா வருது அண்ணாச்சி."
"தப்புன்னா அது சொல்லும்லா?
இல்லேன்னுதான போட்டிருக்கு."

இன்னொரு கோடு சேர்த்தேன்.
முத்துப்பேச்சிக்கு நாற்பத்தேழு ரூபாய் திரும்பியது.
பிரிண்டர் இழுத்து இழுத்து
ரெண்டாவது தாளைத் துப்பியது.
"ரெண்டையும் வச்சிட்டுப் போ" என்றார்.

ஆலங்குளம் கடைசி பஸ்ஸில்
நடத்துநர் சில்லறை கேட்டபோது
பையைத் துழாவினேன்.
முதல் தாள்
நாலாக மடிந்து என் கைக்கு வந்தது.